எல்.டி.சி.யில் வராத கடற்கரை

மத்திய அமைச்சகம் ஒன்றில் முப்பத்திரண்டு வருஷம் கோப்பு பார்த்தவள் ஹம்சா. டெல்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் தரியாகஞ்ச் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் ஓர் ஆங்கில நாவல் வாங்கினாள். இங்கிலாந்தில், சஃபோக் கடலோரத்தில் நடக்கும் கதை. ஒரு பெண் தினமும் காலையில் மாதாகோயிலுக்குப் பின்னால் மேட்டுப் பாதையில் கடலைப் பார்த்துக்கொண்டு நடப்பாள். வேறு பெரிதாக எதுவும் நடக்காது.

நாவலில் ஊருக்குப் பொய்ப்பெயர். கதையில் வரும் வட்டக் கோபுரம், முகத்துவாரம், காற்றாலை மூன்றையும் வைத்துக்கொண்டு ஆபீஸ் நூலகத்து அட்லஸில் ஹம்சா நிஜ ஊரைப் பிடித்துவிட்டாள். கணவர் பட்டாபியிடம் மட்டும் சொன்னாள். அவரும் சர்க்கார் உத்தியோகம்தான்.

"எல்.டி.சி.யில வராதேடி! பேசாம சஃபோக்தான் சொந்த ஊர்னு எழுதிக் குடுத்துடு."

எல்.டி.சி. என்பது சர்க்கார் செலவில் போகிற விடுமுறைப் பயணம்; சொந்த ஊருக்கோ இந்தியாவுக்குள் வேறு இடத்துக்கோ மட்டும். அந்தமான் போனார்கள், லடாக் போனார்கள், கன்னியாகுமரி இரண்டு முறை. கடலைக் கண்டால் ஹம்சாவின் கண் கரைமேட்டில் பாதை தேடும்.

"ரிடையர் ஆகட்டும். அது எங்கே ஓடிடப்போறது?" என்பார் பட்டாபி. அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

ரிடையரானதும் முழங்கால் மக்கர் செய்தது. ஜூலையில் ஆபரேஷன் என்று தேதியும் வாங்கியாயிற்று.

ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லண்டனில் வேலை பார்க்கும் மகன் அபிஷேக், அப்பா சொல்லித் தெரிந்துகொண்டு, அந்த ஊரிலிருந்தே வீடியோவில் கூப்பிட்டான்.

"அம்மா, சர்ச் வந்தாச்சு. இப்போ?"

"பின்பக்கம் போ. சுவர்ல ஒரு சின்னக் கதவு இருக்கும்."

"அச்சா, இருக்கு!"

"தாண்டினா பாதை."

போன் ஆடியது. புல், கம்பி வேலி, மஞ்சள் எச்சரிக்கைப் பலகை. அப்புறம் வெறும் வானம்.

"பாதை இல்லேம்மா. கடல் அரிச்சுடுத்தாம். பத்து வருஷம் ஆச்சுங்கறா."

பத்து வருஷத்துக்கு முன்னால் ஹம்சா மெட்ரோ படிகளை இரண்டிரண்டாக ஏறுவாள்.

"சர்ச்?"

"அதுக்கும் கடலுக்கும் நடுவுல இருபதடிதான் பாக்கி."

பட்டாபி எட்டிப் பார்த்தார். "விடு, நெட்ல பழைய ஃபோட்டோ இருக்கும்."

ஹம்சா திரும்பவில்லை. "அபி, வேலி வரைக்கும் வீல்சேர் வருமா?"

"கொஞ்சம் குண்டும் குழியுமா இருக்கு. நான் தள்ளிண்டு வந்துடுவேன். ஏம்மா?"

"டாக்டருக்கு ஃபோன் போட்டு ஆபரேஷனைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கோ" என்றாள் பட்டாபியிடம்.

போனில் அலை இரைந்துகொண்டிருந்தது.

"கட் பண்ணிடாதேடா" என்றாள்.