தேவுசிமாரின் மாவு வரிசை

காலை ஜெபமாலை முடிந்ததும் ரைமுண்டா கைபேசியில் மகளின் படத்தைத் திறப்பாள். கோல் கம்பத்துக்கு முன்னால் கையுறை மாட்டி நிற்கிற ஜுசி, பெலேம் நகரத்துக் கால்பந்துச் சங்கம் ஒன்றின் கோல்காப்பாளர். அந்த நகரத்து வானொலி ஒன்றின் இணையப் பக்கத்தில் எப்போதோ வந்த படம். தொட்டதும் வந்து நிற்கும். அதே நேரம் பக்கத்து வீட்டுக் கைபேசியில் ஒரு வாழ்த்து அட்டை திறக்க மாட்டாமல் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். தன் படம் மட்டும் உடனே வருவது மாதாவின் கருணை என்று ரைமுண்டா பல மாதம் நம்பியிருந்தாள். மாதா அதைத் தேவுசிமாரின் கையால் செய்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

தேவுசிமார் படகுத்துறையில் அசாயிப் பழம் அரைப்பவள். விடியும்போதே கூடை கூடையாகக் கருநீலப் பழம் வந்து இறங்கும். இயந்திரத்தில் போட்டுத் தண்ணீர் விட்டு, கெட்டிச் சாறாக எடுத்துப் பையில் கட்டிக் கொடுப்பாள். அதே கொட்டகையின் மூலையில், பூத்தையல் போட்ட துணிக்கு அடியில், ஊருக்கெல்லாம் பொதுவான இணையப் பெட்டி இருக்கிறது; அதைப் பார்த்துக்கொள்பவளும் அவள்தான். பிராக்சி என்று அதற்குப் பெயர். ஊரில் பெட்டி என்றாலே போதும். செயற்கைக்கோள் வழியாக மாதத்துக்கு இவ்வளவு என்று அளந்துதான் இணையம் வரும். எந்தக் கைபேசி எதைக் கேட்டாலும் பெட்டியைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பெட்டி விளம்பரங்களை வாசலிலேயே தடுக்கும். அதைக் கொசுவலை என்பாள் தேவுசிமார். "வலைக்கு வெளிய எத்தன கத்துதுன்னு எனக்குத்தான் தெரியும். சூதாட்டக்காரன் விளம்பரம் ஒண்ணு, நம்ம ஃபாதரோட பிரசங்கத்தவிட நீளம்." பாதிரியார் எதிரில் நிற்கும்போதும் இதைச் சொல்வாள். அவரும் சிரித்துக்கொண்டே அசாயிப் பையை வாங்கிப் போவார்.

பெட்டிக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஒருவருக்காக வந்த பக்கத்தைப் பத்திரப்படுத்தி, அடுத்தவர் கேட்டால் வெளியே போகாமல் அதையே எடுத்துக் கொடுக்கும். எதை எவ்வளவு நாள் வைத்திருப்பது என்று அதற்கு எழுதிவைக்க வேண்டும். பயிற்சி கொடுக்க வந்தவர்கள் மணிக் கணக்கும் நாள் கணக்கும் சொல்லிவிட்டுப் போனார்கள். தேவுசிமார் அதைச் சமையல்கட்டுக் கணக்காக மாற்றிக்கொண்டாள். மரவள்ளி மாவு மாதக்கணக்கில் கெடாது. அசாயி அன்றைக்கே புளித்துவிடும். ஆகவே பள்ளிப் பாடமும் ஜெபப் பாட்டும் மாவு வரிசை. ஆற்றின் மட்டமும் மழைச் செய்தியும் அசாயி வரிசை. யாராவது புதிய பக்கம் ஒன்றைச் சொல்லிக்கொண்டு வந்தால், "இது மாவா, அசாயியா?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. எந்த எழுத்தை அவள் அதிகம் அழுத்துகிறாள் என்பதை விசைப்பலகையில் படிந்த ஊதாக் கறையே சொல்லும்.

ரைமுண்டா தினமும் அந்தப் படத்தைத் திறப்பதைப் பார்த்து, தேவுசிமார் யாரிடமும் சொல்லாமல் அந்த வானொலிப் பக்கங்கள் முழுவதையும் மாவு வரிசையில் போட்டிருந்தாள். புதிதாக ஏதும் வந்திருக்கிறதா என்று போய்க் கேட்காதே, இருப்பதையே கொடு என்று பெட்டிக்கு உத்தரவு.

மாநில இறுதி ஆட்டத்தன்று அது வெளிப்பட்டது. ஜெயித்தால் ஜுசிக்கு ஒப்பந்தம். தோற்றால் சங்கம் பெண்கள் அணியையே கலைத்துவிடும் என்று பேச்சு. அவள் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் படகேற வேண்டியதுதான். அந்த வானொலியின் அலை இந்த ஆற்று வளைவு வரை எட்டாது. ஆட்டப்படம் ஓட்டும் அளவுக்கு இணையமும் இல்லை. வானொலிப் பக்கத்தில் ஆட்டத்தை எழுத்தில் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அதை நம்பிப் பூசை முடிந்து ஊரே கொட்டகைக்கு வந்தது. முதலில் திறந்தவர் படகோட்டி ஒசியேல். எழுபத்தேழாவது நிமிடம், ஜுசியின் அணி இரண்டு கோல் பின்தங்கியிருந்தது.

எல்லார் கைபேசியிலும் அதுதான். மறுபடி திறந்தாலும் அதுதான். ரைமுண்டா கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலையை எடுத்தாள். முழுவதும் சொல்லி, சிலுவையை முத்தி செய்துவிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

"ஒசியேலு, இப்ப எத்தனாவது நிமிஷம்?"

"எழுவத்தேழு."

"ஒரு ஜெபமாலை முழுசா சொல்லிட்டேனே. இன்னும் எழுவத்தேழா?"

இயந்திரத்தின் அருகே தேவுசிமாரின் கையிலிருந்த பை நழுவி விழுந்தது. "அக்கா, உன் மகளப் பூட்டி வெச்சிருக்கிறது நான்தான்" என்றபடி மூலைக்கு ஓடினாள். சாறு வழிகிற விரல்களாலேயே தட்டினாள். வானொலிப் பெயர் இருந்த வரியைத் தூக்கினாள். பெட்டி வைத்திருந்த பழைய பக்கத்தையும் அழித்தாள். உடனே ஊர்க் கைபேசிகள் எல்லாம் ஒன்றாக வெளியே பாய்ந்தன. அத்தனையிலும் வட்டம்தான் சுற்றியது.

"முன்னாடி தோத்தாவது இருந்தோம். இப்ப அதுவும் போச்சு" என்றார் ஒசியேல்.

"வாய மூடுண்ணே, நீ மட்டும் ரெண்டு கைபேசியில இழுத்துட்டிருக்க." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இது மாவும் இல்ல, அசாயியும் இல்ல. இது பொரிச்ச மீன். சூடு இருக்கிற வரைக்கும்தான்." அரை நிமிடம் வைத்திரு, பிறகு ஒரே ஒரு முறை வெளியே போய்க் கேள், வந்ததை எல்லாருக்கும் கொடு என்று எழுதினாள்.

வட்டம் நின்றது. பக்கம் வந்தது. இரண்டுக்கு இரண்டு, ஆட்டம் முடிந்து பெனால்டி நடந்துகொண்டிருந்தது.

கொட்டகைப் பலகைகள் அதிர்ந்தன. அரை நிமிடத்துக்கு ஒருமுறை எல்லார் விரலும் ஒன்றாகத் தொட்டன. எல்லாரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். ஜுசியின் அணி ஒரு கோல் முன்னால் வந்தது. எதிரணிக்கு ஒரே ஒரு உதை பாக்கி. 'ஜுசி இடப்பக்கம் பாய்கிறாள்' என்பதோடு பக்கம் நின்றது.

"தேவுசி, எங்கடி மீதி?"

"மீன் ஆறட்டும். பொறுங்க."

ரைமுண்டாவுக்கு அந்த அரை நிமிடத்தில் ஒரு அருள்நிறை மந்திரம்கூட முழுதாக வரவில்லை. "மரியே" என்ற இடத்திலேயே நாக்கு நின்றுவிட்டது. பிறகு பக்கம் புதிதானது. 'தடுத்துவிட்டாள்.' ஒசியேல் கைபேசிகளை விட்டுவிட்டு ஆற்றில் குதித்தார். ரைமுண்டா தேவுசிமாரின் முகத்தைப் பிடித்து முத்தமிட்டாள். ரைமுண்டாவின் வெள்ளைச் சட்டையில் பதிந்த ஊதா விரல் தடங்கள் இன்றுவரை போகவில்லை.

ஒப்பந்தம் எழுதும் நாளுக்கு ரைமுண்டா பெலேமுக்குக் கிளம்பினாள். படகு அவிழ்க்கும் நேரத்தில் தேவுசிமார் ஒரு மாவுப் பையோடு ஓடி வந்தாள். இந்த முறை கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, பையை அவள் மடியில் வைத்தாள்.

"இது ஜுசிக்கு. அப்புறம், கோச்சுக்காதக்கா, அவ படத்தத் திரும்ப மாவு வரிசையில போடல. இனிமே அவ அசாயி. தினம் தினம் புதுசா வரணும்."