கேஜ் இறங்குது

என் மாமனாரின் எனாமல் தட்டில் பாதி எப்போதும் காலியாக இருக்கும். மறு பாதியில் போட்டி வறுவல். ஆட்டுக்குடலை வெந்நீரில் நாலு முறை அலசி, மிளகு தட்டிப் போட்டு, தண்ணீர் சுண்டும்வரை நான் வறுத்தது. காலியான பக்கத்தைச் சுண்டுவிரலால் தட்டி, "இங்க இன்னா, ஷாஃப்ட் தோண்டப் போறியா?" என்பார். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்; ஷாஃப்ட் என்றால் சுரங்கத்துக்குள் இறங்கும் குழி. நான் சிரிக்க மாட்டேன். அவருக்குச் சர்க்கரை. டாக்டர் சோற்றைக் குறைக்கச் சொன்னார். நான் அடியோடு நிறுத்தினேன். இட்லி, களி எதுவும் கிடையாது, கறி மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும். மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே கொடுத்துவந்தேன். அதைப் பற்றி டாக்டரிடம் கேட்கத் தோன்றவில்லை. இரண்டே வாரத்தில் சர்க்கரை இறங்கியதும் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன். அந்தத் திமிரை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

மனுஷனுக்கு எல்லாமே சுரங்கப் பேச்சுதான். தூங்கப் போனால் ஷிப்ட் முடிந்தது. பல் விழுந்தால் பாறை சரிந்தது. அதனால்தான் அந்தத் திங்கட்கிழமை அவர் சொன்னது என் காதில் ஏறவில்லை. மாத்திரை போட்டு, முந்தின நாள் போட்டியில் இரண்டு வாய் தின்றிருந்தார். வேலைக்குப் போக, மாரிகுப்பம் ரயிலைப் பிடிக்க நான் தலை பின்னிக்கொண்டிருந்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அம்மாடி, கேஜ் இறங்குது" என்றார். சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் இரும்புக் கூண்டைத்தான் கேஜ் என்பார்கள். மார்கழிக் குளிரில் அவர் நெற்றி வேர்த்திருந்தது. பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

"உங்க கேஜ மூடி எத்தினி வருசம் ஆவுது? சும்மா உக்காருங்க மாமா, ரயிலு பூடும்."

ரயில் கிடைத்தது. மதியம் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. துணி துவைக்கும் கல்லின்மேல் விழுந்து இடுப்பெலும்பு உடைந்திருந்தது. சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிட்டது, சாப்பாட்டை மாற்றினால் மாத்திரையையும் கேட்டு மாற்றியிருக்க வேண்டும் என்றார் டாக்டர். அதற்குப் பிறகு மாமனார் நடக்கவே இல்லை. எட்டு மாதம் படுத்துக் கிடந்து போய்ச் சேர்ந்தார். ஒரு நாளாவது என்னைத் திட்டியிருக்கலாம். "நீ இன்னா பண்ணுவ, நீ கீழ எறங்குனவளா?" என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது எனக்கும் சர்க்கரை. மாத்திரை உண்டு, அளவுச் சோறும் உண்டு. போன ஞாயிறு மாத்திரையை விழுங்கிவிட்டு, அதே தட்டில் போட்டியை மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மறுநாள் ரத்தப் பரிசோதனை, ஒரு வேளை சோற்றை விட்டால் என்ன என்ற வீம்பு. பாதியில் கை நடுங்கியது. வயிறு எங்கோ கீழே போயிற்று, நான் மேலேயே நின்றேன். ஒரு நாளும் சுரங்கத்தில் இறங்காத என் வாயிலிருந்து அது தானாக வந்தது: "கேஜ் இறங்குது."

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அப்பாவின் சாவைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்காத மனுஷர். ஓடிப்போய்ச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துவந்து என் வாயில் வைத்தார். டம்ளர் பல்லில் தட்டியது. நடுக்கம் அடங்கியதும் தட்டின் காலிப் பாதியில் ஒரு கரண்டி சோறு போட்டார்.

"துன்னு."

தின்றேன்.