கௌரிக் காப்பும் என் வலது கையும்

என் வலது கை எனக்குச் சொந்தமானது என்றுதான் பன்னிரண்டு வயது வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அது வேகமாகப் பந்தெறிகிறது என்று ஊருக்குத் தெரிந்தது. அன்றோடு அது பொதுச் சொத்தாகிவிட்டது.

நாங்கள் இருந்தது ஜெர்மனியில், எர்லாங்கனிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய ஒரு சின்ன நகரம். முன்பு அங்கே அமெரிக்கப் படைமுகாம் ஒன்று இருந்ததாம். அவர்கள் விட்டுப்போனவற்றில் ஒன்று பேஸ்போல் மைதானம். கால்பந்துக் கழகத்தில் சேர்க்க அப்பா என்னைக் கூட்டிப்போன அன்று அங்கே இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். வேலிக்கு அந்தப்பக்கம் பேஸ்போல்காரர்களுக்கு ஆள் போதாமல் இருந்தது. வந்த வழியே திரும்பிப் போவதை விட இது பரவாயில்லை என்று அப்பா நினைத்திருக்கவேண்டும். என் விளையாட்டு வாழ்க்கை தொடங்கிய விதம் இவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்குச் சொல்வதானால், ஒருவன் மண்மேட்டில் நின்று எறிவான். எதிரே தடியோடு நிற்கிறவன் அடிக்கவேண்டும். மேட்டில் நிற்கிறவன் சரியில்லை என்றால் மற்ற எட்டுப் பேரும் வீட்டுக்குப் போகலாம். எறிகிற பந்து நிலத்தில் குத்தக்கூடாது. இந்தக் கடைசி விஷயத்தைச் சித்தப்பா இன்றுவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

சித்தப்பா யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடக் கிரிக்கெட் அணிக்கு வேகப்பந்து போட்டவர். அல்லது போட்டதாகச் சொல்கிறவர். "குத்தி எழும்பாத பந்து என்ன பந்தடா? மாங்காய்க்குக் கல்லெறியிற மாதிரி" என்பார். சொல்லிவிட்டு, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முதல் ஆளாக வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "ஓடி வந்து போடு! ஓடி வந்து போடு!" என்று கத்துவார். ஓடிவரக்கூடாது, கால் மேட்டை விட்டு எழும்பக்கூடாது என்று நான் எத்தனை தரம் விளக்கியிருப்பேன்! "அப்ப உது விளையாட்டில்லை, தண்டனை" என்பது அவருடைய முடிவு.

எங்கள் ட்ரெய்னர் வார நாட்களில் வீடுகளுக்குக் கூரை போடுகிறவர். சிவந்த தாடி, குறைந்த பேச்சு. எனக்கு இரண்டே இரண்டு பந்துகள்தான் சொல்லித்தந்தார். ஒன்று நேராக, முழு வேகத்தில். மற்றது அதே கைவீச்சில், ஆனால் மெதுவாக. வளைந்து போகிற பந்தைக் கேட்டால், எலும்பு முற்றட்டும் என்பார். ஆட்டம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே, இன்றைக்கு எறிந்தது போதும் என்று என்னை இறக்கிவிடுவார். வளருகிற கைக்கு அளவு உண்டு, எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே சட்டம். சித்தப்பாவுக்கு அது பிடிபடவேயில்லை. "நல்லாப் போட்டுக்கொண்டிருக்கிறவனை ஏன் இறக்கிறான்? நாங்கள் தமிழ் ஆக்கள், அதுதான்" என்பார். போன கிழமை அந்த வெள்ளைக்காரப் பெடியனையும் இறக்கினவர்தானே என்றால், "உனக்கு விளங்காது" என்பார்.

வீட்டில் பழகுவதற்கு ட்ரெய்னர் ஒரு பயிற்சி தந்திருந்தார். பந்துக்குப் பதில் ஒரு சின்னத் துவாயின் நுனியைப் பிடித்துக்கொண்டு எறிவதுபோல் வீசவேண்டும். சித்தப்பா சின்னத் துவாயைப் பறித்துவிட்டு, குளித்த துவாயை நனைத்துப் பிழிந்து கையில் தந்தார். பாரம் இருந்தால்தான் பலம் வருமாம். முதல் வீச்சிலேயே அது சாமிப் படத்தட்டைத் துடைத்துக்கொண்டு போனது. பிள்ளையார், லட்சுமி, திருநீற்றுக் கிண்ணம் எல்லாம் நிலத்தில். ஏச்சு வாங்கியது நான்தான். சித்தப்பா அப்போது தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

கல்யாண வீடுகளுக்குப் போனால் இன்னும் மோசம். என்னை அமெரிக்காவுக்கு எடுக்கப்போகிறார்கள் என்று கனடாவரைக்கும் சொல்லி முடித்திருந்தார் அவர். முன்பின் தெரியாத அங்கிள்மார் வந்து என் புஜத்தைக் கத்தரிக்காய் வாங்குகிறவர்கள்போல் அழுத்திப் பார்ப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா கண்ணூறு கழிக்க மிளகாயும் உப்பும் நெருப்பில் போடுவார். புகை அலாரம் அலறும். கீழ்வீட்டுக் கிழவர் கதவைத் தட்டுவார். அவருக்குக் கண்ணூறு என்றால் என்னவென்று டொச்சு மொழியில் விளக்கவேண்டியவன் யார்? நான்தான்.

எனக்குப் பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று தொடங்கிய இலையுதிர்காலத்தில் ட்ரெய்னர் வீட்டுக்கு வந்தார். அம்மா ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தார். ட்ரெய்னர் ஒன்றை மெதுவாகக் கடித்து, உறைப்பில் கண் கலங்கி, பிறகு விஷயத்தைச் சொன்னார். வசந்தத்தில் மாநிலச் சிறுவர் அணிக்கு ஆள் எடுக்கிற ஆட்டம் இருக்கிறது. அதில் நான் எடுபட்டால், தெற்கே உள்ள விளையாட்டு விடுதிப் பள்ளியில் இடம் கிடைக்கும். அங்கேயே தங்கி, அங்கேயே படித்து, ஒவ்வொரு நாளும் நல்ல பயிற்சி. இந்தக் கைக்கு இந்த ஊர் போதாது.

நான் மொழிபெயர்த்தேன். அப்பா வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"உதுக்குள்ளை ஔஸ்பில்டுங் ஏதும் இருக்கோ எண்டு கேள்."

தொழிற்பயிற்சி இல்லை, ஆனால் பள்ளி அபிட்டூர் வரைக்கும் போகிறது என்றார் ட்ரெய்னர். அபிட்டூர் என்றால் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள் எழுதுகிற கடைசிப் பரீட்சை. நாலாம் வகுப்பு முடிய என் மார்க்குக்கு அந்தப் பரீட்சைக்குக் கொண்டுபோகிற பள்ளி கிடைக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் எட்டாம் வகுப்பைத் தாண்டியவர்களே இல்லை. சித்தப்பாவின் அந்தப் பள்ளிக்கூட அணியும் அதற்குக் கீழ்ப்பட்டதுதான்.

"அபிட்டூரோ?" என்று அப்பா திருப்பிக் கேட்டார். ஓம் என்றேன். "வடிவாக் கேள், அபிட்டூர்தானோ எண்டு." கேட்டேன். அதுதான். அப்பா ரோல்ஸ் தட்டை ட்ரெய்னர் பக்கம் தள்ளிவைத்தார்.

அம்மாவுக்கு வேறு கேள்விகள். அங்கே என்ன சாப்பாடு? வீட்டுக்கு எப்போது விடுவார்கள்? எனக்கு வெட்கத்தில் காது சூடானது. ஆனாலும் கேட்டேன். ஸ்பெகெட்டி, உருளைக்கிழங்கு, வியாழக்கிழமை மீன். ஒன்றுவிட்ட வாரக்கடைசியில் வீட்டுக்கு வரலாம். அம்மா இரண்டுக்கும் சிரித்தபடி தலையாட்டினார். "ஓம், நல்லது. சந்தோஷம் எண்டு சொல்லு. இன்னுமொரு ரோல்ஸ் எடுக்கச் சொல்லு."

அடுத்த வாரம் கௌரி விரதம் தொடங்கியது. அம்மா ஒவ்வொரு வருடமும் பிடிக்கிறதுதான். முடிவில் கோயிலில் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் பூசிய முடிச்சு நூல், பெண்களுக்கு இடது மணிக்கட்டில், ஆண்களுக்கு வலதில். கட்டினால் அடுத்த வருட விரதம் வரைக்கும் கழற்றக்கூடாது. அந்த வருடம் எனக்கும் கட்டவேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். ஐயர் கட்டி முடித்ததும், "இன்னும் கொஞ்சம் இறுக்கிவிடுங்கோ ஐயா" என்றார்.

"அம்மனிட்டை என்ன கேட்டனீங்கள்?" என்று வரும் வழியில் கேட்டேன்.

"கேட்டதை வெளியிலை சொன்னாப் பலிக்காது."

எனக்குச் சொல்லத் தேவையில்லாமலே தெரிந்திருந்தது. வேறு என்னத்தைக் கேட்கப் போகிறார்?

குளிர்காலம் முழுக்க அந்த நூலால் தொந்தரவில்லை. வசந்தத்தில் ட்ரெய்னர் அதைப் பார்த்துத் தாடியைச் சொறிந்தார். நீளக்கைச் சட்டை போடு என்றார். எங்கள் ஊர் ஆட்டங்களில் நடுவர் என்பவர் யாரோ ஒரு பிள்ளையின் தகப்பன். அவர் மணிக்கட்டையெல்லாம் பார்க்கமாட்டார்.

ஆள் எடுக்கிற நாள் வந்தபோது ஒரே வெயில். கழகம் தந்த புதுச் சட்டை அரைக்கை. நடுவர் மெய்யான நடுவர். நான் மேட்டில் ஏறிப் பழகுவதற்கு நாலு பந்து எறிந்திருப்பேன். அவர் நடந்து வந்து என் கையைச் சுட்டிக்காட்டினார். எறிகிறவன் மணிக்கட்டில் எதுவும் இருக்கக்கூடாது, அடிக்கிறவனின் கண்ணைக் குழப்பும். கழற்று.

"கழற்ற முடியாது" என்றேன்.

"அப்படியென்றால் எறிய முடியாது" என்றார். கோபமேயில்லாமல். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

சித்தப்பா செருப்போடு மைதானத்துக்குள் ஓடி வந்தார். அதுவே ஒரு குற்றம். "ஹெர் நடுவர்! இது ரிலிகியோன்! ரிலிகியோன்!" நடுவர் தலையாட்டினார். உங்கள் மதத்தை மதிக்கிறேன், மற்ற எந்த இடத்தில் நின்று ஆடினாலும் கட்டியிருக்கலாம், எறிகிறவனுக்கு மட்டும் இல்லை. மற்றக் கைக்கு மாற்றினால்? எந்தக் கையிலும் இல்லை. பண்டேஜ் சுற்றினால்? அதுவும் இல்லை.

"அடிக்கிறவனுக்கு அது கண்ணிலை படுதெண்டால் அவனை வேறை பக்கம் பார்க்கச் சொல்லடா" என்றார் சித்தப்பா. "மொழிபெயர்!"

நான் மொழிபெயர்க்கவில்லை.

"அப்ப அண்ணிக்கு அடிச்சுக் கேட்பம்" என்று போனை எடுத்தார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை. வேலை நேரத்தில் போன் அலுமாரிக்குள். சித்தப்பா குரல்செய்தி விட்டார். நல்ல வெயில் என்றதில் தொடங்கி, சாப்பிட்டாச்சோ என்று விசாரித்து, விஷயத்துக்கு வருவதற்குள் நடுவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டார். ட்ரெய்னர் வேலிப்பக்கம் திரும்பி, இன்னொரு பையனைக் கையைச் சூடாக்கச் சொன்னார். பெரிய காதுகளோடு நல்ல பையன். அவன் மகிழ்ச்சியை மறைக்கப் பட்ட பாட்டைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. தேர்வாளர்கள் மூன்று பேர் கதிரையில் இருந்தபடி பென்சிலால் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் என் கையைப் பார்த்தார்கள். அந்த ஒரு சாண் கையில் எனக்கு மட்டும் உரிமை இல்லை.

அப்போதுதான் அப்பா வந்தார். பொதிகள் பிரிக்கிற கிடங்கில் வேலை. செம்மஞ்சள் மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, யாரிடமும் கேட்காமல் உள்ளே வந்தார். என் எந்த ஆட்டத்துக்கும் அவர் அதற்குமுன் வந்ததில்லை.

"என்ன பிரச்சினை?"

சித்தப்பா சொன்னார். அப்பா கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"உனக்கு எறிய விருப்பமோ?"

என்ன கேள்வி இது! "ஓம் அப்பா! அதுக்குத்தானே வந்தனான்!" என்று கத்தியே விட்டேன்.

மேலங்கிப் பையிலிருந்து பெட்டி வெட்டுகிற கத்தியை எடுத்தார். தன் விரலை நூலுக்கும் என் தோலுக்கும் நடுவில் கொடுத்தார். ஒரே இழுவை. நூல் அவர் உள்ளங்கையில் விழுந்தது. விரலில் கொஞ்சம் இரத்தம்.

"அண்ணை!" என்றார் சித்தப்பா. அவர் குரல் இவ்வளவு சின்னதாக நான் கேட்டதில்லை. "அண்ணி என்ன சொல்லுவா?"

"அதை நான் பார்த்துக்கொள்ளுறன்."

நூலை மடித்துப் பைக்குள் வைத்தார். வேலியோரம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வேலைக்குத் திரும்பிவிட்டார்.

நான் எறிந்தேன். வெறும் மணிக்கட்டு பாரமில்லாமல் பறந்தது. வேகப்பந்தைப் பார்த்துப் பழகினவர்களுக்கு மெதுவான பந்தைக் கொடுத்தேன். தடியை முன்கூட்டியே சுழற்றிவிட்டு விழித்தார்கள். அன்று மாலையே பெயர் சொன்னார்கள். எடுபட்டுவிட்டேன்.

சித்தப்பா எனக்கு முன்னமே அம்மாவுக்குப் போனில் நூல் வெட்டின கதையைச் சொல்லியிருந்தார். நான் கதவைத் திறந்ததும் அம்மா முதலில் பார்த்தது என் மணிக்கட்டை. நூல் அழுத்திய தடம் ஒரு வளையமாக இருந்தது.

"எடுத்திட்டாங்களோ?"

"ஓம்."

"கை கழுவிட்டுச் சாப்பிடு."

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு நின்றது. "அப்பாட்டைச் சொல்லு, தேத்தண்ணி ஊத்தியிருக்கெண்டு." "அம்மாட்டைச் சொல்லு, நான் இரவுவேலை எண்டு." இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்துகொண்டு! டொச்சுக்காரருக்கும் எங்களுக்கும் நடுவில் மொழிபெயர்த்தே களைத்தவன், இப்போது தமிழிலிருந்து தமிழுக்கும் மொழிபெயர்க்கவேண்டியிருந்தது. ஒருநாள் மட்டும் குசினிக்குள், அடுப்புக்கு முன்னால், நேரடியாகப் பேசினார்கள்.

"விரதம் இருந்தது நான்" என்றார் அம்மா. "என்னத்துக்கு இருந்தனான் எண்டு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ வெட்டினனீங்கள்?"

"தெரிஞ்சபடியாத்தான். பெடியன் படிக்கட்டும்."

ஒரு நூலுக்கு இவ்வளவா என்று எனக்குப் பொறுமை போய்விட்டது. சாமிக் குற்றம் என்றால் அதற்குப் பரிகாரமும் இருக்குமே. ட்ரெய்னரிடம் போய்ச் சட்டத்தை வடிவாகக் கேட்டேன். பிறகு அப்பாவின் மேலங்கிப் பையிலிருந்து நூலை எடுத்து, இரண்டு அறுந்த முனைகளையும் முடிச்சுப் போட்டு, அம்மாவிடம் கொண்டுபோனேன்.

"அம்மா, எல்லாம் சரி. காலிலை கட்டலாமாம். சொக்ஸுக்குள்ளை ஒருத்தருக்கும் தெரியாது."

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். "காலிலையோ? அம்மன்ரை காப்பைக் காலிலையோ கட்டுறது? நீ என்ன மாடே!" சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்துவிட்டார். கண்ணால் தண்ணீர் ஓடியது. சீலைத் தலைப்பு இல்லாததால் சமையல் துவாயால் துடைத்தார். நூலை வாங்கிக் குங்குமச் சிமிழுக்குள் போட்டு மூடினார்.

"வேண்டாம் ராசா. இனி என்னத்துக்கு?"

அப்பாடா என்றிருந்தது. உண்மைதானே, கேட்டது கிடைத்துவிட்டது, இனி நூல் எதற்கு? இதை ஒரு கிழமைக்கு முன்பே யோசித்திருந்தால் எவ்வளவு சச்சரவு மிச்சமாகியிருக்கும் என்று எண்ணிக்கொண்டே என் பையை எடுத்துக்கொண்டு பயிற்சிக்குக் கிளம்பினேன். வாசலில் அம்மா கூப்பிட்டார்.

"தம்பி, அந்த வியாழக்கிழமை மீன். பொரிக்கிறவங்களோ அவிக்கிறவங்களோ எண்டு ட்ரெய்னரிட்டை ஒருக்காக் கேளன்."

எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு மீனைப் பற்றி ஒருவர் எத்தனை தரம்தான் கேட்பார்!