பந்தயக் கம்பி

களக்காட்டுத் தோட்டங்களிலிருந்து நெல்லைச் சந்தைக்கு வாழைத்தார் ஏற்றுவதுதான் என் லாரிக்கு அன்றாட வேலை. சேற்று மேடு வந்தால் பின் அச்சு துள்ளித் துள்ளி உயிரை வாங்கும். தொண்ணூறுகளின் நடுவில், துபாயிலிருந்து நண்பர் கொண்டுவந்த மோட்டார் புத்தகமொன்றில் ஒரு படம் பார்த்தேன். பந்தய வண்டிகளில் அந்தத் துள்ளலை அடக்க, அச்சையும் வண்டியின் அடிச்சட்டத்தையும் இரும்புக் கம்பியால் இணைத்திருந்தார்கள். பட்டறையில் நின்று என் லாரிக்கும் அதைப் பொருத்திவிட்டேன்.

“என்ன மாப்ளே, வாழைத்தாரோட பந்தயத்துக்கா போறீரு?” இன்னொரு லாரி வைத்திருந்த என் மைத்துனர் சந்தைக்கே கேட்கும்படி சிரித்தார்.

அந்த ஐப்பசி மழையில், கல்யாண வீட்டுக்குத் தார் ஏற்றிவந்த அவருடைய லாரிதான் வாய்க்கால் மேட்டில் புதைந்தது. மறுநாள் காலை முகூர்த்தம். என் லாரியில் வடத்தைக் கட்டி இழுத்தேன். கிளட்சைப் பைய விடும்போதே, துள்ளப்போகிறது என்று பழக்கத்தில் முதுகு இறுகியது. துள்ளவே இல்லை. டயர் மண்ணைக் கவ்விப் பிடிக்க, இரண்டு லாரிகளும் மேடேறின.

மைத்துனர் ஓரத்து வாழை மட்டையில் ஒரு நாரை உரித்துக்கொண்டு என் லாரிக்கு அடியில் நுழைந்தார்.

“என்ன மச்சான் பண்ணுதிய?”

“சும்மா இரும்வே. கம்பிக்கு அளவு எடுக்கேன்.”

சேற்றில் மல்லாந்து கிடந்த அந்த வெள்ளை வேட்டியைவிடப் பெரிய கோப்பையை எந்தப் பந்தயத்தில் எனக்குக் கொடுத்துவிடப் போகிறார்கள்?