இராசெமா பச்சைக்கு மாறினாள்

நெலிதா எச்செவெர்ரியின் நிறுவனத்தில் விதி ஒன்றுதான்: எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் உட்கார்ந்து கிழவரோடு மாத்தே என்னும் இலைக் கஷாயம் குடிக்க வேண்டும். சால்தோ நகரத்து முதியவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்துக்கொள்ளும் நாற்பது பெண்களுக்கு அவள் முதலாளி. அவளும் ஒரு காலத்தில் மலச்சட்டி கழுவியவள்தான். மாத்தே ஊற்றிய சுரைக்குடுவையும் அதை உறிஞ்சும் ஒரே குழலும் கைமாறிக்கொண்டிருக்கும்போதே கிழவரின் வாய் கோணுகிறதா, விழுங்கும்போது புரையேறுகிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். பாசத்துக்காக வைத்த விதியல்ல. பாசம் தானாக ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

பிறகு வேலையைப் பதிவுசெய்யும் போன் வந்தது. உள்ளே நுழைந்தால் அதன் திரையில் விரலால் ஒரு தட்டு, மாத்திரை கொடுத்தால் ஒரு தட்டு, குளிப்பாட்டினால் ஒரு தட்டு, வெளியேறினால் ஒரு தட்டு. நெலிதாவே ஆசைப்பட்டு வாங்கியதுதான். ஒரே மாத்திரையை இரண்டு பேர் கொடுத்துத் தொலைக்கும் கூத்து அதனால்தான் நின்றது. ஆனால் இரண்டு தட்டுகளுக்கு நடுவே கிடந்த நேரத்தை அது வீண் என்று எழுதியது. வீண் கூடினால் அந்தப் பெண்ணின் பெயர் சிவப்பாகும். வேலை கொடுக்கும் மருத்துவச் சங்கத்தின் திரையிலும் அந்தச் சிவப்பு தெரியும்.

இராசெமா சோசா எப்போதும் சிவப்பு.

"இந்த மாசமும் இப்படியே இருந்தா அவளை அனுப்பிடச் சொல்றாங்க," என்றான் கணினி பார்க்கும் ரூபென்.

"மாத்தேக்கும் ஒரு தட்டு வச்சிரு."

"வச்சேனே! எந்த டாக்டர் எழுதிக் கொடுத்த வைத்தியம்னு கேட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க."

நெலிதா அவளைத் தேடிக்கொண்டு எர்மெஸ் கிழவரின் வீட்டுக்குப் போனாள். ரயில் ஓட்டிய கைகள் இப்போது நடுங்கின. வெந்நீர் ஊற்ற அவரால் முடியாது. இராசெமாதான் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்க முதலாளியம்மா. என்னைத் துரத்த வந்தீங்களா, தண்ணி சூடா இருக்கான்னு பாக்க வந்தீங்களா?"

நெலிதா தன் முறைக்குக் குடுவையை வாங்கி, கடைசிச் சொட்டு வரை உறிஞ்சித் திருப்பிக் கொடுத்தாள்.

"வெளிய போயிட்டேன்னு தட்டிடு. அப்புறமா உக்காந்து குடி. யாருக்குத் தெரியப்போகுது?"

"போயிட்டேன்னு தட்டினதுக்கப்புறம் இவரு வழுக்கி விழுந்தா? ஆளில்லாத வீட்ல விழுந்ததா எழுதிருவாங்க. நான் பேயா நின்னு வேடிக்கை பாக்கணுமா?"

"பேயா இருந்தா என்ன," என்றார் எர்மெஸ், "ஊத்திக் குடுத்தா சரி."

மூவரும் சிரித்தார்கள். இராசெமா சொன்னது உண்மை என்று நெலிதாவுக்குத் தெரியும். அப்படி விழுந்தால் காப்பீட்டுக்காரன் கையை விரித்துவிடுவான். சங்கத்தின் வேலையே வேண்டாம் என்று உதறினால் பாதிப் பெண்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். போனைத் திட்டியும் பயனில்லை. கேட்டதைத்தான் அது சொல்கிறது. விழுங்குகிறாரா என்று அதைக் கேட்கச் சொன்னவர் யாருமில்லை, அவளும் சொல்லவில்லை.

"உன்னை அனுப்ப எனக்கு மனசில்ல, இராசெமா. மாத்தேயை விட்டுரு."

"உத்தரவா, அக்கா?"

"ஆமா."

இராசெமா மூடியைத் திருகி வெந்நீர்க் குடுவையை அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். குளிர்காலம் வருவதற்குள் அவள் பெயர் பச்சையாகிவிட்டது.

ஆண்டு விருந்தன்று முற்றத்தில் இறைச்சி வாட்டினார்கள். சங்கத்துக்காரர்கள் வந்திருந்தார்கள். நெலிதா எழுந்து, மனிதர்மேல் காட்டும் அன்புதான் இந்த நிறுவனத்தின் முதுகெலும்பு என்று பேசினாள். நன்றாகவே பேசினாள். பச்சைப் பெயர்களைத் திரையில் ஓடவிட்டான் ரூபென். முதல் பெயர் இராசெமா சோசா. எல்லோரும் கைதட்டினார்கள்.

இராசெமா ஒரு தட்டில் இறைச்சி கொண்டுவந்தாள்.

"நல்லா பேசினீங்க, முதலாளியம்மா." குரலில் குத்தல் இல்லை. நெலிதா குத்தலைத்தான் எதிர்பார்த்திருந்தாள்.

"எர்மெஸ் எப்படி இருக்காரு?"

"குளிச்சாரு. மாத்திரை போட்டுக்கிட்டாரு."

"விழுங்குறாரா? புரையேறுதா?"

இராசெமா கொஞ்சம் யோசித்தாள்.

"கவனிக்கலையே," என்றாள்.

நெலிதா தட்டை வாங்கிக்கொண்டு சங்கத்துக்காரர்கள் உட்கார்ந்திருந்த மேசைக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தாள்.