ஒரகடம் மண்டபத்தில் கேட்ட என் குரல்

ஞாயிறு காலை 5.40. சிங்கப்பெருமாள் கோவிலில் பஸ் என்னை இறக்கிவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் புளியங்குடியில் ஏறியவன் நான். கையில் ஒரு பை எலுமிச்சை. ஊர் எலுமிச்சை மார்க்கெட்டில் காய் தரம் பிரிக்கிற வேலை எனக்கு.

மகள் செல்வி ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் இருக்கிறாள். அவளும் மூன்று பையன்களும் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு வைத்திருக்கிறார்கள். பெயர் ‘ரூட் ஒன்பது’. அவர்களை ஏற்றிப்போகிற கம்பெனி பஸ்ஸின் எண் அது. அன்று மாலை அவர்களுடைய புது ஆல்பம் வெளியாக இருந்தது. “எட்டுப் பாட்டுல ஒண்ணுக்கு உங்க சம்மதம் வேணும்ப்பா. போன்ல சொல்ல முடியாது, வாங்க” என்றிருந்தாள். பாட்டு என்று சொல்லி மாப்பிள்ளையைக் காட்டப் போகிறாள் என்று என் மனைவிக்குச் சந்தேகம். எனக்கும்தான்.

6.10. ஒரகடம் கூட்டுரோட்டுக்கு ஷேர் ஆட்டோ, நாற்பது ரூபாய்.

“இன்னா சார், கம்பெனில சேர வந்தியா? இந்த வயசுக்கு எட்க்க மாட்டானுங்களே” என்றார் ஓட்டுநர்.

மகளின் கச்சேரிக்கு வந்தேன் என்றேன்.

“அட, நம்ம டேனியலு க்ரூப்பா? சர்ச்சுல கீபோர்டு வாசிக்கிற பையன். இப்ப அதுல கானாவ கலந்து வாசிச்சிகினு கீறான். பாதருக்கு கோவம் வரும்னு பாத்தா, அவரே காலாட்டிகினு கீறாரு.”

வழியெல்லாம் மதில்கள். ஒரு மதில் முடிய எங்கள் ஊர்க் கடைத்தெரு நீளம் ஆகிறது. உள்ளே புதுக் கார்கள் வெள்ளைத் தாள் ஒட்டி வரிசையாக நின்றன. ஞாயிறு என்றாலும் ஓவர்டைம் வேலைக்கு ஆள் ஏற்றிய பஸ்கள், கண்ணாடியில் எண் அட்டையோடு எதிரே வந்துகொண்டிருந்தன.

8.00. செல்வி தங்கியிருக்கிற இடத்தில் குளித்துக் கிளம்பியதும் அவள் ஒரு செல்போன் கடைமுன் என்னை நிறுத்தினாள். “இதுதான்ப்பா பழைய ரூம்.” வேலைக்கு வந்த முதல் வருடம், கடையாகுமுன் ஆறு பெண்கள் அந்த ஒரே அறையில் இருந்தார்களாம். ஒரு வாளி, ஒரு கண்ணாடி, ஷிப்ட் மாற்றி ஷிப்ட் தூக்கம். ஆல்பத்தின் பெயரும் ‘பழைய ரூம்’தான். “அதெல்லாம் ஒரு காலம்ப்பா” என்று பெருமூச்சு விட்டாள். நடந்தது நான்கு வருடத்துக்கு முன்பு. இவளுக்கு வயது இருபத்து மூன்று. நான் சிரிப்பை அடக்கக் கடைப் பலகையைப் படிப்பதுபோல் நின்றேன்.

11.00. கல்யாண மண்டபத்தில் ஒத்திகை. எல்லோருக்கும் எலுமிச்சை பிழிந்து கொடுத்தேன். டேனியல் கீபோர்டு, தேனிப் பையன் கிட்டார். மதுரைப் பையன், கம்பெனியில் பாகம் அடுக்குகிற நீலப் பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அடித்தான். செல்வி கும்மிபோல் கைதட்டிப் பாடினாள். பிறகு என் சம்மதம் வேண்டும் என்ற அந்தப் பாட்டைப் போட்டார்கள். நடுவில் ஓர் ஆள் பேசினான்.

“ஏட்டி, அப்பா பேசுதேன். சாப்பிட்டியா? இன்னைக்குக் காய் வரத்து கம்மி. சரி, வைக்கட்டா?” எல்லா வாத்தியமும் நின்றது. ஒரு காக்கை கத்தியது. “சரி, வைக்கேன்.”

என் குரல். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். செல்போனில் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பொழுது போய்விடும் என்று மகளுக்குப் பேசித்தான் பதிந்து அனுப்புவேன். போன் பேசுகிற பழக்கத்தில் கடைசியில் ‘வைக்கட்டா’ என்று கேட்டு, பதிலுக்குக் காத்தும் இருந்திருக்கிறேன்.

“நாலு வருசமா அப்படித்தான் கேக்கிய. யார்கிட்டப்பா கேக்கிய?” என்றாள் செல்வி.

“அங்கிள், அந்த கேப்புல நான் ஒரு கட்டையகூட தொடல. ஆல்பத்துலயே அதான் மாஸு” என்றான் டேனியல்.

“மார்க்கெட்டே சிரிக்கும்” என்றேன்.

செல்வி முகம் சுருங்கியது. “வேண்டாம்னா எடுத்திருதோம்ப்பா. சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வெளியிடுதோம்.”

“கச்சேரியில ஒரு தடவை போடுங்க. ஆளுக சிரிச்சா எடுத்திரு.”

“சரிப்பா” என்றாள். வாதாடவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மாலை 5.00. மண்டபம் நிறைந்தது. எல்லாம் ஹாஸ்டல் பிள்ளைகள். நான் கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். என் பாட்டு ஆறாவதாக வந்தது. ‘வைக்கட்டா’ என்றதும் மண்டபமே சிரித்தது. காது சுட்டது. குனிந்து செருப்பைத் தேடினேன்.

அதற்குள் சிரிப்பு தானாக ஓய்ந்துவிட்டது. எனக்கு முன்னால் நீலச் சட்டை போட்ட ஒரு பெண், மெல்லிய குரலில், “வைங்கப்பா” என்றாள். அந்தப் பக்கம் ஒரு பையன், “வையிப்பா” என்றான். பாட்டில் இரண்டாவது முறை அந்தக் கேள்வி வந்தபோது எல்லோருமே பதில் சொன்னார்கள், அவரவர் ஊர்ப் பேச்சில். நானும் சிரித்துவிட்டேன்.

பாட்டுகள் முடிந்து ஆறு மணி ஆயிற்று. செல்வி மேடையிலிருந்து என்னையே பார்த்தாள். டேனியல் போனில் விரலை வைத்துக் காத்திருந்தான். கத்திச் சொல்ல எனக்கு வராது. எழுந்து நடந்தேன். முப்பது அடி இருக்கும். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“எல்லாரும் சிரிச்சிட்டாங்களேப்பா” என்றாள்.

“நானுந்தான் சிரிச்சேன். பாட்டு இருக்கட்டும்.”

டேனியல் விரல் அமுக்கியது. செல்வி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

6.40. கூட்டுரோட்டில் சிங்கப்பெருமாள் கோவில் பஸ்ஸுக்காக நின்றோம். ஊரில் என் குரலை அடையாளம் தெரிகிறவர்கள் மார்க்கெட்டில்கூட நாலைந்து பேர்தான். இங்கே ரோட்டைக் கடந்த பையன்கள், “வைங்கப்பா” என்று கையசைத்துப் போனார்கள். நீலச் சட்டைப் பெண்ணும் கூட வந்திருந்தாள். பரமக்குடிப் பக்கமாம். “எங்கப்பாவும் இப்படித்தான் அங்கிள், பேசவே மாட்டாரு. நீங்க ஒரு வார்த்த பேசுங்களேன்” என்று போன் போட்டு என் கையில் திணித்தாள்.

“உங்க பக்கம் மழை உண்டா?” என்றேன்.

“இல்லைங்க. உங்க பக்கம்?”

“லேசாத் தூறுச்சு.”

பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவர் மூச்சு விடுவது கேட்டது. அவரும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. பஸ் வந்து நின்று, கண்டக்டர் “பெர்சு, ஏறு” என்ற பிறகுதான் போனை அந்தப் பிள்ளையிடம் கொடுத்தேன்.