யானை வேலிக்கு ஓர் அலுமினியச் சுருள்

மாத்தளை நகரில் என் நாநாவும் நானும், அண்ணனும் தங்கையுமாக, மோட்டார்களுக்குக் கம்பி சுற்றும் கடை நடத்துகிறோம். வெளிவேலை அவருக்கு, சுற்றுவது எனக்கு. இறக்குமதி முடங்கிய வருடம் செப்புக் கம்பி எங்கும் கிடைக்கவில்லை. அப்போதுதான் சீகிரியாப் பக்கத்து விவசாயி ஒருவர், யானை வேலிக்கு மின்சாரம் அனுப்பும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே உயர் அழுத்தச் சுருள் கருகியிருந்தது.

"யானை வரப்பு வரைக்கும் வருது. என் சம்சாரம் தனியா காவல் குடிசையில இருக்கா," என்றார் சிங்களத்தில்.

எங்களிடம் இருந்தது அலுமினியக் கம்பி மட்டுமே. செம்பு அளவுக்கு அதில் மின்சாரம் இலகுவாக ஓடாது.

"தடிச்ச கம்பியாப் போடு. இடம் பத்தாட்டி அடுக்குக்கு நடுவுல வைக்கிற பேப்பரக் குறை," என்றார் நாநா.

"பேப்பரக் குறைச்சா உள்ளுக்கே பொறி பாயும் நாநா. திரும்பவும் கருகிடும்."

"மெல்லிசு போட்டா அடி பலமா விழாது. யானை நிக்குமா?"

இரண்டு பயமும் நியாயமானவை. நான் மெல்லிய கம்பியை எடுத்தேன். பாதிக்கு மேல் சுற்றியபோது அது அறுந்தது. செம்பை இழுப்பதுபோல் பலமாக இழுத்துவிட்டேன்; அலுமினியம் அதைத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கழற்றி மறுபடி தொடங்கினேன். விவசாயி என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கம்பி முனைகளைப் பற்றவைக்க ஈயம் ஒட்டவில்லை; சிறு குழாய்க்குள் செருகி நசுக்கி இறுக்கினேன்.

பொழுது சாயுமுன் மூவரும் அவர் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பெட்டி டிக் டிக் என்று துடிக்கத் தொடங்கியது. சோதனைக் கருவியில் மின்னழுத்தம் வழக்கத்தைவிடக் குறைவாகவே காட்டியது.

காட்டோரத்தில் கிளை முறிந்தது. ஒற்றை யானை. நேரே வந்து தும்பிக்கையால் கம்பியைத் தொட்டது, உதறியது, ஆனால் போகவில்லை. விவசாயி, குடிசை வாசலில் நின்ற மனைவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்வாங்கினார். யானை மறுபடியும் தொட்டது. இந்த முறை பிளிறியபடி திரும்பி ஓடியது.

பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது; இந்தச் சுருள் நெடுநாள் தாங்குமா என்று தெரியவில்லை.

"செப்புக் கம்பி வந்ததும் கொண்டு வாங்க, மாத்திச் சுத்தித் தாறேன்," என்றேன்.

அறுவடை முடியும்வரை அவர் வரவே இல்லை. அதுவரை தினமும் காலையில் தேநீரைக் கூடத் தொடாமல் நாநா அவருக்குப் போன் போட்டுக் கேட்பார்: "பெட்டி துடிக்குதா?"